முகம் முன்னே, குரல் பின்னே

வீட்டுச் சுவரையே வெள்ளித்திரையாக்கிப் படம் பார்க்கும் வழக்கம் இன்று நகரத்தாரின் தனியுடைமையன்று. புளியங்குளத்தில் ஏ-9 நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிச் செல்வோர் அடையும் நெடுங்கேணி போன்ற காட்டோர ஊர்களிலும், மின்னிணைப்பும் ஒரு வெண்சுவரும் உள்ள வீட்டினுள் கையடக்கமான புரொஜெக்டர் ஒன்று நுழைவது வியப்புக்குரிய செய்தியன்று. விளக்கு அணைகின்றது, எட்டடி அகலத்திற் படம் விழுகின்றது, பிள்ளைகள் பாயை விரித்து அமர்கின்றனர். படத்திலே தாய் ஒருத்தி மகனை அழைக்கின்றாள். அவளுடைய முகம் முன்னே சுவரில் இருக்கின்றது; குரலோ பார்ப்போரின் பிடரிக்குப் பின்னாலிருந்து வருகின்றது!

காரணம் எளிது. புரொஜெக்டர் பார்ப்போருக்குப் பின்னே மேசையிலோ, தலைக்கு மேலே கூரையிலோ இருக்கும். அதன் வயிற்றினுள் அமைந்த சிறு ஒலிபெருக்கியும் அங்கேயே இருக்கும். ஒளி சுவரை நோக்கிப் பாய்கின்றது. ஒலியோ புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகின்றது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி சிறிதேயாயினும் அதில் முகமும் குரலும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தன. படம் பெரிதானபோது அவை இரண்டும் பிரிந்தன.

பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் சேர்த்து வைப்பதே ‘சரவுண்ட் சவுண்ட்’ எனப்படும் சுற்றொலி அமைப்பின் முதற்கடமை. நாற்புறமும் முழங்குவது அதன் இரண்டாங் கடமையே. இவ்வரிசை மாறிப்போனால் பொருள் வீணாகும், செவி நோகும், வன்னியைப் போன்றதொரு மண்ணில் மனமும் நோகும். இதனைச் சிறிது விளக்க முயல்வோம்.

செவியின் கணக்கு

வலப்புறத்தில் எழும் ஓசை வலச்செவியை முதலில் அடைந்து, சற்றுப் பிந்தியே இடச்செவியை அடைகின்றது. இப்பிந்துதல் எவ்வளவு கூடினாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தானும் எட்டுவதில்லை. ஆயினும் மூளை அதனை அளந்து, ஓசை இன்ன திசையது என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றது. தலையின் மறைப்பினால் இரு செவிகளிலும் ஓசையின் உரப்பு வேறுபடுவதும் இத்தீர்ப்புக்குத் துணைநிற்கின்றது. ஆங்கில அறிஞர் ரேலி பிரபு 1907 ஆம் ஆண்டிலேயே இவ்விரு வழிகளையும் விளக்கினார். ஓசை முன்னிருந்து வந்ததா, பின்னிருந்து வந்ததா என்று அறிவதற்குப் புறச்செவியின் மடிப்புகள் உதவுகின்றன.

கண்ணும் செவியும் ஓரளவுக்கு ஒன்றையொன்று விட்டுக்கொடுத்தே வாழ்கின்றன. பொம்மலாட்டத்தில் பாடுபவர் திரைமறைவில் இருப்பினும், பொம்மையே பாடுவதாக நாம் கொள்கின்றோம். ஓசையின் இடம் காட்சியின் இடத்திற்குச் சற்று விலகியிருந்தால் கண் அதனைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆனால் முகம் முன்னும் குரல் பின்னுமாக இருக்கும்போது, அந்த இணக்கம் முறிந்துபோகின்றது.

ஜெர்மானிய ஆய்வாளர் எல்முட் ஹாஸ் 1949 இல் மற்றோர் உண்மையை நிறுவினார். ஒரே ஓசை இரண்டு இடங்களிலிருந்து சிறிது கால இடைவெளியில் வந்தால், முதலில் வந்த இடத்தையே செவி அதன் பிறப்பிடமாகக் கொள்ளும் என்பதே அது. இதனால் வீட்டில் உடனே செய்யவேண்டிய ஒரு வேலை புலனாகின்றது. வெளி ஒலிபெருக்கிகளை இணைத்த பின்னர் புரொஜெக்டரின் சொந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். அருகிலிருக்கும் அது முந்திக்கொண்டு பேசுமாயின், முன்னேயுள்ள குரலையும் பின்னுக்கு இழுத்துவிடும்.

1931 ஆம் ஆண்டின் இரு செய்திகள்

தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது 1931 ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபரில் ‘காளிதாஸ்’ திரைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இலண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் அலன் புளூம்லைன் இரட்டை ஒலிமுறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். படமாளிகை ஒன்றில் நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நடக்க, அவர் குரல் வேறோரிடத்திலிருந்து வந்ததைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்று சொல்வர். நம்மவருக்குப் படம் பேசியதே பெருவியப்பாக இருந்த ஆண்டில், குரல் முகத்தைத் தொடர்ந்து செல்ல வேண்டும் என்று ஒருவர் சிந்தித்திருக்கிறார்.

அதன் பின்னர் வந்த வளர்ச்சியும் இவ்வரிசையையே பின்பற்றியது. 1940 இல் நியூயோர்க்கில் வெளியான வால்ட் டிஸ்னியின் ‘பன்ரேசியா’ என்ற இசைச்சித்திரம் பல ஒலிபெருக்கிகளைக் கொண்டு அரங்கை நிறைத்தது. 1953 இல் அகலத்திரையில் வந்த ‘த றோப்’ என்ற படம் நான்கு ஒலித்தடங்களைக் கொண்டிருந்தது. அவற்றுள் மூன்று திரைக்குப் பின்னே ஒலித்தன. ஒன்றே ஒன்றுதான் அரங்கிலிருந்தோரைச் சூழ்ந்து ஒலித்தது. இவ்விகிதத்தை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். முன்னே மூன்று, சுற்றிலும் ஒன்று!

இன்று இத்துறையில் எங்கும் வழங்கும் பெயர் டொல்பி என்பது. அப்பெயருக்குரிய ரே டொல்பி 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். 1965 இல் இலண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘5.1’ எனப்படும் இலக்கமுறை ஒலி 1992 முதல் டொல்பியின் பெயருடன் படமாளிகைகளிற் பரவியது. முன்னே இடம், நடு, வலம் என மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்கு அப்பாலுள்ள ஒன்று, இடியும் முரசும் போன்ற தாழ்ந்த ஓசைகளுக்கெனத் தனியாக அமைந்த சப்வூபர். இங்கும் முன்னிற்பவை மூன்று என்பதைக் காண்க.

களரியும் கருவியும்

நம்மவர் சுற்றொலி அறியாதவரல்லர். ஆனால் நமது மரபில் அது தலைகீழாக அமைந்திருந்தது. வட்டக்களரியில் கூத்து ஆடப்பெறும்போது மக்கள் சுற்றி அமர்வர்; ஆட்டக்காரரும் மத்தளமும் தாளமும் நடுவில் இருக்கும். அங்கே மக்கள் ஒலியைச் சூழ்ந்திருந்தனர். இங்கே ஒலி மக்களைச் சூழ்கின்றது. கூத்தில் அரசன் எங்கே நிற்கின்றானோ அங்கிருந்தே அவன் குரல் வரும். அவன் களரியைச் சுற்றி வரும்போது குரலும் உடன் சுற்றும். எந்தக் கருவியும் இல்லாமல் நம் முன்னோர் பெற்றிருந்த அந்த இயல்பை, ஐந்து ஒலிபெருக்கிகளாலும் ஒரு சப்வூபராலும் திரும்பப் பெற முயல்கின்றோம்.

இனி இணைக்கும் முறையைப் பார்ப்போம். சிறந்த வழி, புரொஜெக்டரை ஒலியின் பாதையிலிருந்து விலக்கிவிடுவதே. மடிக்கணினியோ செய்மதித் தொலைக்காட்சிப் பெட்டியோ எதுவாயினும், அதன் எச்.டி.எம்.ஐ. வயரை முதலில் ஏ.வி. ரிசீவர் எனப்படும் அம்பிளிபயருக்குக் கொடுக்க வேண்டும். ரிசீவர் ஒலியைத் தான் எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிடும். படத்தை மற்றோர் எச்.டி.எம்.ஐ. வயர் வழியே புரொஜெக்டருக்கு அனுப்பும். பார்ப்போருக்குப் பின்னேயுள்ள புரொஜெக்டருக்குப் படம் மட்டும் போகும். முன்னேயுள்ள ஒலிபெருக்கிகளுக்கு ஒலி போகும்.

படமே புரொஜெக்டரினுள் பிறப்பதாயின், அதாவது இணையவழிப் படங்களை அதுவே காட்டுவதாயின், ஒலி அதிலிருந்து திரும்பி வரவேண்டும். எச்.டி.எம்.ஐ. துவாரத்தின் அருகில் ஏ.ஆர்.சி. என்று பொறித்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். 2009 இல் வந்த இந்த ஏற்பாடு, படம் வரும் வயரிலேயே ஒலியைத் திருப்பி அனுப்புகின்றது. அது இல்லையெனில் ஒப்டிக்கல் என்னும் ஒளிநார் வழி உண்டு; அதுவும் சுருக்கப்பட்ட 5.1 ஒலியைச் சுமக்கும். மலிவான பல கருவிகளில் தலையணிக்கருவி பொருத்தும் சிறு துவாரம் ஒன்றே இருக்கும். அதிலிருந்து இரண்டு தடங்கள் மட்டுமே கிடைக்கும். ஐந்து ஒலிபெருக்கிகளை வாங்கி அத்துவாரத்தில் மாட்டுவதாற் பயனில்லை. எச்.டி.எம்.ஐ. வயரின் நடுவே வைத்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு பெட்டிகள் கடைகளில் உண்டு. அத்தகையோருக்கு அதுவே வழி.

வயரில்லா இணைப்பாகிய புளூடூத் எளிதெனத் தோன்றும். ஆனால் அதனால் ஒலி பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி செக்கன் வரை பிந்துகின்றது. உதடு முடிந்த பின்னர் சொல் வருகின்றது. ஒலி சிறிது பிந்துவதை மனம் பொறுக்கும். குளத்தின் அக்கரையில் துணி துவைப்பவர் கையை ஓங்குவதைக் கண்ட பின்னரே அறையும் ஓசையைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் ஒலி முந்துவது இயற்கையில் இல்லாதது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவின்படி, ஒலி 45 மில்லி செக்கன் முந்தினாலே பார்ப்பவர் உணர்ந்துவிடுவர். பிந்துவதாயின் 125 மில்லி செக்கன் ஆகவேண்டும். புரொஜெக்டர் படத்தைச் சீர்செய்து காட்டுவதற்குச் சிறிது நேரம் எடுப்பதால், வயர்வழி வரும் ஒலி சில வேளை முந்திவிடும். ரிசீவரில் ஒலியைத் தாமதிக்கும் ஏற்பாடு உண்டு. உதடும் சொல்லும் ஒத்துவரும் வரை அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

பாயில் அமர்ந்து கேட்போர்

ஒலிபெருக்கிகளை வைக்கும் இடமும் ஒரு கணக்கே. நடு ஒலிபெருக்கி படத்தின் நேர்கீழே இருக்க வேண்டும். உரையாடலில் பெரும்பகுதி அதன் வாயிலாகவே வருகின்றது. இட வல ஒலிபெருக்கிகள் கேட்பவரின் நேர்முகத்திலிருந்து இருபுறமும் 30 பாகையில் நிற்றல் வேண்டும். சுற்றொலி இரண்டும் முற்றிலும் பின்னே அல்ல, செவிக்குச் சற்றுப் பின்தள்ளி, ஏறத்தாழ 110 பாகையில் நிற்றல் வேண்டும். சப்வூபரை முன்புறத்தில் எங்கும் வைக்கலாம். மிகத் தாழ்ந்த ஓசையின் திசையைச் செவி எளிதில் அறியாது. ஆனால் மூலையில் வைத்தால் ஓசை தேவைக்கு மேல் பெருகும்.

கருவியோடு வரும் கையேடுகள் நாற்காலியில் அமர்வோரை எண்ணி எழுதப்பட்டவை. நம் வீடுகளில் பாதிப் பேர் பாயில் அமர்கின்றனர். தரையில் அமர்ந்தவரின் செவி இரண்டரை அடி உயரத்திலேயே இருக்கும். நாற்காலிக் கணக்கில் வைத்த ஒலிபெருக்கி அவர் தலைக்கு மேலாகப் பேசும். வீட்டில் உண்மையில் யார் எங்கே அமர்வர் என்று பார்த்து உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஓசையை எதிரொலித்துச் சொற்களை மழுக்கும். கனத்த திரைச்சீலையும் பாயும் மெத்தையும் அதனைப் பெரிதும் குறைக்கும். ஒலிபெருக்கி வயர்களின் சிவப்பும் கறுப்பும் இரு முனைகளிலும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் முரசின் ஓசை மெலிந்து, குரல் இடமின்றி அலையும். ‘ங்ங்’ என்ற இரைச்சல் ஓயாது கேட்குமாயின், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே செருகியிலிருந்து மின்னெடுத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கழற்றிவிடுதல் அறிவுடைமை.

அறை 10 அடிக்கு 12 அடி போன்ற சிறியதாயின், பக்க ஒலிபெருக்கிகளுக்குச் செலவிடாமல் முன்னே மூன்றை நல்லனவாக வாங்குவதே மேல். 1950களின் தமிழ்ப்படங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. அவற்றை ஐந்து வாயாலும் பேசவைக்கும் விசை ரிசீவரில் இருக்கலாம். அதனை அணைத்துவிட்டு நடு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்பதே அப்படங்களுக்குச் செய்யும் மரியாதை. பாடசாலை வகுப்பறைக்கும் இது பொருந்தும். பாடப்படம் காட்டும் ஆசிரியர் திரையின் அருகே இரண்டு ஒலிபெருக்கிகளை மாணவரின் தலையுயரத்தில் வைத்தாலே போதும். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் சொல் விளங்கும்.

வன்னியின் செவி

இதுவரை கூறியவை எவ்வூருக்கும் பொருந்துவன. நெடுங்கேணிக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் மட்டும் உரியதொன்று எஞ்சியிருக்கின்றது.

1990 இன் பின்னர், போர் முடிந்த 2009 வரை, வன்னியின் பெரும்பகுதிக்குப் பொது மின்விநியோகம் இருக்கவில்லை. மின்கலமும் அரிதாயிருந்த அந்நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னால் வானொலி கேட்டனர். ஒரு சிறு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் குனிந்திருந்தனர். தொலைக்காட்சியையும் ‘டெக்’கையும் மின்பிறப்பாக்கியையும் வாடகைக்கு எடுத்து, விடியும் வரை படம் பார்த்த இரவுகளும் உண்டு.

அதே ஆண்டுகளில் செவி மற்றொரு கல்வியையும் கற்றது. எறிகணை புறப்படும் ஓசை எத்திசையது, அது விழப்போவது எப்பக்கம், வானூர்தி நெருங்குகின்றதா விலகுகின்றதா என்று பிரித்தறிவது உயிர்காக்கும் அறிவாயிற்று. 1997 இலும் 2008 இலும் ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்களுள் சிறுவர்களாக இருந்தோர் இன்று பெற்றோராக அப்பாயில் அமர்ந்திருக்கின்றனர். ரேலி பிரபு சூத்திரத்தில் எழுதியதை இவர்கள் பதுங்குகுழியின் வாயிலிற் கற்றனர். திடீரோசைக்கு உடல் தன்னையறியாமல் திடுக்குறுதல், பேரிடரைக் கடந்து வந்தோரிடம் நெடுங்காலம் நிற்பதுண்டென மனநூலார் கூறுவர். ஈழத்தமிழர் மீது போர் விளைத்த உளத்தாக்கத்தை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே நூலாக எழுதினார்.

இத்தகைய செவிக்குப் பின்னாலிருந்து ஒரு வெடியோசையை எழுப்புவது விளையாட்டன்று. இன்றைய படங்களின் சண்டைக் காட்சிகளில் குண்டுகள் பிடரிக்குப் பின்னிருந்தே பாய்கின்றன. கொழும்பிலோ சென்னையிலோ இளைஞர் அதனைக் கேட்டு மகிழலாம். நெடுங்கேணியில் அதே அறையில் பாட்டியும் இருப்பாள். அவள் எழுந்து வெளியே போனால், தூக்கம் வருகின்றது என்று சொல்வாளேயன்றி உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டாள். குடும்பம் கூடியிருந்து பார்ப்பதற்காக வாங்கிய கருவி, ஒருவரை அறையிலிருந்து வெளியேற்றிவிடும்.

இதற்கு மருந்தும் அக்கருவியிலேயே இருக்கின்றது. ஒவ்வோர் ஒலிபெருக்கியின் உரப்பையும் தனித்தனியே குறைக்க ரிசீவர் இடந்தருகின்றது. பக்க ஒலிபெருக்கிகளை மூன்று முதல் ஆறு டெசிபல் வரை தாழ்த்தலாம். ‘இரவு நிலை’ என்னும் விசையை இட்டால், பேரோசைகள் அடங்கி, மெல்லிய பேச்சுக்கள் தெளிவுறும். சப்வூபரை ஒரு படத்துக்கு நிறுத்திவிட்டாலும் கதை கெட்டுவிடாது. போர்க்காட்சி வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும், வேண்டியவரைச் சுவரோரமாக, முதுகுக்குப் பின்னே வெறுவெளி இல்லாதபடி அமர்த்துவதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்களல்ல. மழையும் இசையும் காட்டுப் பறவையும் சூழ்ந்து ஒலிக்கட்டும். அவற்றால் எவருக்கும் தீங்கில்லை.

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வம், உணவு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். முல்லைக்கு ஒரு பறை, நெய்தலுக்கு வேறொரு பறை. ஓசைக்கு ஓர் இடம் உண்டு, இடத்துக்கு ஓர் ஓசை உண்டு என்பது தமிழருக்குப் பழங்கருத்து. சுற்றொலிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவருவோர் அக்கருத்தையே வயர்களால் நிறைவேற்றுகின்றனர். குரலை முகத்தின் அருகே வைப்பது முதல் வேலை. மற்ற ஓசைகளை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதைக் கையேட்டிடம் மட்டும் கேளாமல், அறையில் அமர்ந்திருப்போரிடமும் ஒரு சொல் கேட்டுச் செய்தல் நன்று.